பழைய வீடும் சொந்தக் கையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அம்மா, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் மூன்று நான்கு முறை பழுது பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் உருப்படியாக இல்லை. சுவரின் கீழ்ப்பகுதியில் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நாங்களும் சிமென்ட் வைத்துப் பூசினோம். வருஷம் திரும்புவதற்குள் அதுவும் விழுந்துவிட்டது. ஆள் வைக்க வசதியில்லை, நாங்களேதான் செய்யவேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். சுவருக்குள் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும்வரை கொத்துக்கரண்டியைத் தொடாதீர்கள்.

என் வீடும் இப்படித்தான் இருந்தது. படுக்கையறைச் சுவர் ஒன்று தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை எப்போதும் கறுத்துக் கிடக்கும். ஒரு நாள் உளியும் சுத்தியலுமாக அதன் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் பெயின்ட் ரப்பர் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அதன் கீழே, சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டி. அதற்கும் கீழே விரல் தடிமனுக்குச் சிமென்ட் பூச்சு, தட்டியதும் பலகைபோல ஒரே துண்டாகப் பெயர்ந்தது. திருப்பிப் பார்த்தால் அதன் முதுகு முழுக்க உப்பு, பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால்தான், வீட்டைக் கட்டியவர்கள் பூசிய சுண்ணாம்புக் காரை. விரலால் அழுத்தினால் ஈர மாவுபோல உள்ளே போனது. ஆனால் ஈரம் எட்டாத மேல்பகுதியில் அதே காரை உளிக்கே அசையாமல் இறுகிக் கிடந்தது. அத்தனை வருஷம் நின்ற பூச்சை நனைத்துக் கெடுத்தது பின்னால் வந்த ‘ரிப்பேர்’தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

காரணம் எளிது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலும் காற்றும் பட்டால் வெளியே விட்டுவிடும். மேலே அடர்த்தியான சிமென்டைப் பூசி, அதன்மேல் ஈரம் புகாத பெயின்டையும் அடித்தால் வெளியேற வழியில்லை. உள்ளேயே தேங்கும். தண்ணீரில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே வெளியே தள்ளும். நீங்கள் மறுபடியும் சிமென்ட் வைத்தால் மறுபடியும் விழத்தான் செய்யும்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அடுத்த மழைக்குக் குடையோடு வெளியே போய் வீட்டைச் சுற்றி நடங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தெறிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். என் வீட்டில் வெளித்தரைமேல் தளத்துக்குமேல் தளமாகப் போட்டு, உள்தரையைவிட அது நான்கு விரல் உயர்ந்துவிட்டிருந்தது. மழைத்தண்ணீர் சுவரில் சாய்ந்து நின்றது. சுவரை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்கு அந்தத் தளத்தை உடைத்து எடுத்தேன். மண்ணை உள்தரையைவிடத் தாழ்வாக வெட்டி, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி சரிவு வைத்து ஜல்லி பரப்பினேன். முழுச் சீரமைப்பிலும் மிகப் பலன் தந்த வேலை அதுதான்.

குழாய்க் கசிவையும் விடாதீர்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, இரவில் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எண் மாறியிருந்தால் எங்கேயோ கசிகிறது. சுவர் ஈரம் உள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகமா? ஓர் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 2 நாள் கழித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, உளுத்த பூச்சை நனைந்த இடத்துக்கு மேலும் ஓரடிவரை எடுத்துவிட்டு, சுவரை வெறும் செங்கலாகவே காயவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகும். வெளிவரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போய்விடும். அப்புறம் 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றும் இறுகியபின் அடுத்ததைப் பூசுங்கள். மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும்.

கேள்வி: அக்கா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. பட்டி வைத்து மூடினேன், மறுபடியும் திறந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் அந்த விரிசல் இன்னும் நகர்கிறதா என்று தெரியவேண்டும். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். விரிசலின் நடுவில், இரண்டு பக்கத்தையும் பிடிக்கும்படி மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதம் ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள், மழைக்காலம் வெயில்காலம் இரண்டும் கடக்கட்டும்.

மயிரிழை அளவில் நின்றுபோன கீறல் என்றால் கவலை வேண்டாம், திறந்து சுத்தம் செய்து அடைக்கலாம். 5 மி.மீ.க்கு மேல் அகன்றாலோ, விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடத் துருத்திக்கொண்டு நின்றாலோ, அதே சுவரில் கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். அஸ்திவாரம் இறங்கும்போது பட்டியால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: கூரைத் தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. நானே பூசிவிடலாமா?

பதில்: கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். தெரிகிற இடத்தைப் பூசினால் துரு உள்ளே வேலையைத் தொடரும், அடுத்த முறை இன்னும் பெரிய துண்டு விழும். அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம். பொறியாளர் பார்த்து, கம்பியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லட்டும். மேலே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும், வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்வதும் உங்களால் முடிந்த வேலைகள். அதை இன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: சுவிட்ச் போர்டைத் திறந்தால் வயர்கள் முறுக்கி டேப் சுற்றிக் கிடக்கின்றன. நானே புது வயர் இழுக்கலாம் என்று நினைக்கிறேன். மெயினை அணைத்துவிட்டால் போதும்தானே?

பதில்: போதாது. கண்டபடி பழுது பார்த்த வீட்டில் மெயினுக்கு அப்பாலும் யாராவது இணைப்பு எடுத்திருக்கலாம். என் சமையலறையில் ஒரு பாயின்ட், மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரில் எரிந்தது. முந்தைய ஆள் மீட்டருக்குப் பக்கத்திலிருந்தே நேராக இழுத்திருந்தார். அன்றைக்கு டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கையை வைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். செலவைக் குறைக்க, வயர் போகும் குழாயைப் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளம் வெட்டுவது, பிறகு பூசி மூடுவது இரண்டையும் நீங்கள் செய்யலாம். ஆனால் பழைய இணைப்பு முழுவதையும் எலக்ட்ரீஷியன் துண்டித்து, சோதித்துச் சொன்ன பிறகுதான் உளியை எடுக்கவேண்டும். சுவருக்குள் எங்கும் வயரோடு வயர் சேரும் ஒட்டு இருக்கக்கூடாது, ஒட்டெல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கதவு, ஜன்னல்களில் ஆறேழு அடுக்குப் பெயின்ட். தேய்த்து எடுக்கலாமா? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கதவைக் கழற்றி வெளியே எடுத்துப்போய், தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள். உதிர்வதைக் கீழே விரித்த பிளாஸ்டிக் ஷீட்டோடு சுருட்டி எடுங்கள். வேலை முடிந்து உடை மாற்றிக் குளித்தபின் குழந்தையைத் தூக்குங்கள். அடுக்கு உரியாமல் உறுதியாக இருந்தால், அதன்மேலேயே புதுப் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை வெட்டவோ துளைபோடவோ உடைக்கவோ வேண்டாம்.

கேள்வி: நான்கு மாதமாக ஞாயிறுதோறும் வேலை செய்கிறேன். ஒன்றும் முடியவில்லை, வீடு முழுக்கத் தூசி. வீட்டில் எல்லோரும் சலித்துப்போய்விட்டார்கள்.

பதில்: எல்லா அறையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்து, ஒரு வருஷம் பாத்திரத்தையும் படுக்கையையும் ஒரே மூலையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். இப்போதே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள், எல்லோரும் தூங்குகிற அறையாக இருக்கட்டும். அதைக் கதவுப்பிடிவரை முடியுங்கள். மற்ற அறைகளின் வாசலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு மூடிவையுங்கள். ராத்திரி தூசியில்லாமல் படுக்க ஓர் இடம் கிடைத்துவிட்டால் வீட்டாரின் முகம் மாறும், அடுத்த ஞாயிறு அவர்களே ஒரு கை கொடுப்பார்கள். குழாயையும் வயரையும் மூடிப் பூசுவதற்கு முன்னால், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.

கேள்வி: சாய்வு பார்க்கும் பழைய ரசமட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: ஜன்னல் திட்டில் வைத்து, குமிழி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இப்போது மட்டத்தின் இரண்டு முனையும் இடம் மாறும்படி திருப்பி அதே இடத்தில் வையுங்கள். முதலில் குமிழி வாசல் பக்கம் நகர்ந்தது என்றால் இப்போதும் வாசல் பக்கமே, அதே அளவு நகரவேண்டும். அப்படியென்றால் மட்டம் சரி, திட்டுதான் சாய்ந்திருக்கிறது.