பொருளாதாரம் படித்துவிட்டு துபாய் ஹோட்டலுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறீர்கள், புள்ளியியலும் கொஞ்சம் படித்திருக்கிறீர்கள். துபாயில் ஒரு நான்கு நட்சத்திர ஹோட்டலில் ரிசர்வேஷன் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. போன் எடுத்து அறை பதிவு செய்கிற வேலைக்கு இந்தப் படிப்பு எதற்கு உதவும், கிளம்பும் முன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ ஏதாவது முடிக்க வேண்டுமா, ஏஜென்ட் விசா செலவு என்று பணம் கேட்கிறாரே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இங்கே ரிசர்வேஷனில்தான் தொடங்கினேன். இப்போது ரெவின்யூ மேனேஜர். எந்த அறையை, எந்த நாளுக்கு, யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்கிற வேலை. நீங்கள் வகுப்பில் படித்த தேவை, அளிப்பு, விலை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது), நிகழ்தகவு எல்லாம் இங்கே தினசரி காலை மேசைக்கு வந்துவிடும். அதனால் படிப்பு வீணாகுமோ என்ற கவலையை விடுங்கள். கணக்கை மென்பொருள் போட்டுக் கொடுத்துவிடும். எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடலாம் என்று தெரிந்த ஆள்தான் இந்தத் துறையில் குறைவு. அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

வந்த முதல் வாரத்திலேயே மூன்று சொற்கள் காதில் விழும். ஆக்குபன்சி என்றால் இருக்கிற அறைகளில் எத்தனை சதவீதம் விற்றது என்பது. ஏடிஆர் என்றால் விற்ற அறைகளின் சராசரி விலை. இரண்டையும் பெருக்கினால் ரெவ்பார், அதாவது விற்றது விற்காதது எல்லாம் சேர்த்து ஓர் அறைக்குக் கிடைத்த வருமானம். 2024இல் துபாய் ஹோட்டல்களின் சராசரி ஆக்குபன்சி 78.2 சதவீதம், ஏடிஆர் 538 திர்ஹாம், ரெவ்பார் 421 திர்ஹாம். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். இது பத்து நிமிடப் பாடம். கஷ்டம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ரமலானை எடுத்துக்கொள்ளுங்கள். பிறை நாட்காட்டிப்படி நோன்பு மாதம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அந்த மாதத்தில் மாநாடுகள் குறையும், கம்பெனி வேலையாக வருகிறவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள், வேலை நேரமே சுருங்கிவிடும். உணவகத்தில் இஃப்தார் கூட்டம் நிரம்பும், மேலே அறைகள் காலியாக இருக்கும். பெருநாள் வந்ததும் சவூதியிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரிலேயே வந்து இறங்குவார்கள். 2023இல் நோன்பு மார்ச் 23ஆம் தேதி தொடங்கியது. அந்த மார்ச்சில் நோன்பு நாள் ஒன்பதுதான். 2024இல் மார்ச் 11ஆம் தேதியே தொடங்கியதால் இருபத்தொரு நாள். 2025இல் மார்ச் முதல் தேதியே தொடங்கி ஏறக்குறைய மாதம் முழுக்க நோன்பு. "போன மார்ச்சைவிட இந்த மார்ச் விற்பனை குறைந்திருக்கிறது" என்று யாராவது அறிக்கை கொண்டுவந்தால், அந்த இரண்டு மார்ச்சும் ஒன்றே அல்ல என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பொதுவாக நாங்கள் நோன்பு நாளை நோன்பு நாளோடும், பெருநாள் விடுமுறையைப் பெருநாள் விடுமுறையோடும் வைத்துத்தான் பார்ப்போம்.

கிழமையிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2021 முடியும்வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள், அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். பழைய தரவில் வியாழன் இரவு வார இறுதி இரவு. புதிய தரவில் அது வெள்ளிக்கு வந்துவிட்டது. வேலை விஷயமாக வருகிறவர்கள் முன்பு சனி இரவு வந்து இறங்குவார்கள், இப்போது ஞாயிறு இரவு. இது தெரியாமல் ஐந்தாறு வருடத் தரவை ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் கிழமைவாரிக் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். கோவிட் வருடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019இல் துபாய்க்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 67 லட்சம் பேர். 2020இல் 55 லட்சம். 2024இல் 1 கோடியே 87 லட்சம். 2020ஐ அடிப்படையாக வைத்தால் யார் வேண்டுமானாலும் பிரமாதமான வளர்ச்சி காட்டலாம்.

அடுத்து, பெரிய பெரிய கூட்டங்களிலும் ஆட்களைத் தடுமாற வைக்கிற ஒரு விஷயம். எண்ணோடு சொல்கிறேன், கையில் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். நூறு அறை விற்றதாக வைத்துக்கொள்வோம். போன வருடம் அதில் 60 அறை கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு 600 திர்ஹாம் வீதம், 40 அறை டூர் குழுக்களுக்கு 300 வீதம். சராசரி 480. இந்த வருடம் கம்பெனி விலையை 630 ஆக்கினோம், குழு விலையை 320 ஆக்கினோம். இரண்டுமே கூடியிருக்கிறது. ஆனால் இந்த முறை கம்பெனி 40 அறை, குழு 60 அறை. சராசரி 444. "ஏடிஆர் 36 திர்ஹாம் விழுந்துவிட்டது, விலையைச் சரியாகப் பிடிக்கவில்லை" என்று ஜிஎம், அதாவது ஜெனரல் மேனேஜர், விலை போட்டவரிடம் கோபப்படுவார். விலை விழவே இல்லை, வாங்குகிறவர்களின் கலவை மாறியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, கம்பெனி ஆட்கள் ஏன் இருபது அறை குறைந்தார்கள் என்பது. பக்கத்தில் புது ஹோட்டல் திறந்ததா, ஒப்பந்தம் புதுப்பிக்காமல் விட்டோமா, நோன்பு மாதம் நடுவில் விழுந்ததா? மொத்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே நீங்கள் இங்கே பேர் வாங்கலாம்.

விலை முடிவுக்கு வருவோம். விற்காத அறை அன்றிரவோடு போச்சு, நேற்று மிச்சமான இட்லி மாவைப் போல மறுநாளுக்கு வைக்க முடியாது. அதனால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். 1972இல் பிஓஏசி விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் என்பவர் இதற்கு ஓர் எளிய விதி எழுதினார். விமான இருக்கைக்கு எழுதியது, ஹோட்டல் அறைக்கும் அப்படியே பொருந்தும். ஜைடெக்ஸ் என்கிற பெரிய தொழில்நுட்பக் கண்காட்சி நடக்கும் வாரம் என்று வையுங்கள். டூர் ஏஜென்ட் ஒருவர் இரண்டு மாதம் முன்னாலேயே 500 திர்ஹாமுக்கு அறைகள் கேட்கிறார். கடைசி நேரத்தில் கண்காட்சிக்கு வருகிறவர் 800 கொடுப்பார், ஆனால் அவர் வருவாரா என்பது நிச்சயமில்லை. 500ஐ 800ஆல் வகுத்தால் 0.625. ஒதுக்கி வைக்கிற கடைசி அறைக்கு 800 கொடுக்கிற ஆள் வரும் வாய்ப்பு 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை ஒதுக்கிக்கொண்டே போகலாம். அதற்குக் கீழே போனதும் ஏஜென்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த நிகழ்தகவை எங்கிருந்து எடுப்பது? முந்தைய கண்காட்சி வாரங்களில் எத்தனை நாள் முன்பு எத்தனை பதிவு வந்தது என்ற பழைய தரவிலிருந்து. நீங்கள் படித்த நிகழ்தகவுப் பரவல்கள் எல்லாம் இங்கே உயிரோடு நிற்கும்.

விதி சொல்லாத விஷயமும் இருக்கிறது. ஓடிஏ எனப்படும் இணையத் தளங்கள் வழியாக வந்த 800இல் கமிஷன் போகும். பல ஒப்பந்தங்களில் அது 15 சதவீதத்துக்குக் குறையாது. குழுவாக வருகிறவர்கள் இரவுச் சாப்பாட்டையும் நம்மிடமே சாப்பிடுவார்கள். விலையை ஒப்பிடும்போது வரியையும் பிரிக்க வேண்டும்: துபாயில் விருந்தினர் கட்டும் தொகைக்குள் 10 சதவீதச் சேவைக் கட்டணம், 7 சதவீத நகராட்சிக் கட்டணம், 5 சதவீத வாட், இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை டூரிசம் திர்ஹாம் என்கிற கட்டணம் எல்லாம் இருக்கும். ஒரு தளம் வரி சேர்த்துக் காட்டும், இன்னொன்று சேர்க்காமல் காட்டும். போட்டி ஹோட்டல் நம்மைவிட மலிவு என்று பதறுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே வெயில் கொளுத்தும். அப்போது விலையைப் பாதியாக்கினாலும் ஐரோப்பாவிலிருந்து கடற்கரைக்கு வருகிறவர் வர மாட்டார். துபாயிலேயே வசிக்கிற குடும்பங்களும் வளைகுடாக்காரர்களும் வருவார்கள். நெகிழ்ச்சி ஒரே எண் கிடையாது, ஆளுக்கு ஆள் வேறு என்பதை அந்த இரண்டு மாதத்தில் நன்றாகப் பார்க்கலாம்.

மேனேஜ்மென்ட் பக்கம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நீங்கள் சரியான பதிலைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதை நான்கு பேர் ஏற்க வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு ஊக்கத்தொகையை விற்ற அறைகளின் எண்ணிக்கையை வைத்துக் கொடுத்தால், அவர்கள் மலிவு விலைக் குழுக்களைத்தான் கொண்டுவருவார்கள். அவர்கள்மேல் தப்பு இல்லை, அளவுகோலை மாற்ற வேண்டும். அவர்களிடம் போய் வரைபடம் காட்டிப் பாடம் எடுக்காதீர்கள். "இந்தக் குழுவை ஒரு வாரம் தள்ளி எடுத்தால் உங்களுக்கும் இலக்கு வரும், எனக்கும் கண்காட்சி விலை கிடைக்கும்" என்று பேசுங்கள்.

அப்புறம் ஹவுஸ்கீப்பிங். அடுத்த வாரம் எத்தனை அறை காலியாகும், எத்தனை நிரம்பும் என்று நாம் கொடுக்கிற முன்கணிப்பை வைத்துத்தான் அங்கே ஆட்களுக்கு ஷிப்ட் போடுவார்கள். நம் எண் இருபது அறை தப்பினால், விடுமுறையில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுவார்கள், அல்லது இருக்கிறவர்கள் தலையில் கூடுதல் அறைகள் விழும். நேபாளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் வந்து, நாள் முழுக்கக் குனிந்து மெத்தை விரிக்கிறவர்கள் அவர்கள். முன்கணிப்புப் பிழை என்று புத்தகத்தில் படிக்கும்போது இந்த முகங்கள் அதில் இருக்காது. எங்கள் ரெவின்யூ கூட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளரும் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

ரிசர்வேஷன் மேசையைக் குறைவாக நினைக்காதீர்கள். தரவு பிறக்கிற இடம் அது. விருந்தினர் எந்த நாட்டுக்காரர், எதற்காக வருகிறார், எந்த வழியாகப் பதிவு செய்தார் என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்தான் உள்ளிடுகிறார். அவசரத்தில் எல்லோரையும் ஒரே பிரிவில் போட்டுவிட்டால், மேலே எத்தனை நல்ல மென்பொருள் இருந்தும் பயனில்லை. முதல் சில மாதம் நீங்கள் பதிவதைச் சுத்தமாகப் பதியுங்கள். கேட்டுவிட்டு விலை பிடிக்காமல் போனவர்களையும் ஒரு எக்செல் தாளில் குறித்து வையுங்கள். பல ஹோட்டல்களில் இதை யாரும் எழுதுவதில்லை. எந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்று காட்டுகிற தேவைக் கோட்டை வரைய அதுதான் வேண்டும். அந்தத் தாளோடு ரெவின்யூ மேனேஜரிடம் போனால் கட்டாயம் கவனிப்பார்.

டிப்ளமோவுக்கு இப்போது பணம் போட வேண்டாம். எக்செல்லில் பைவட் டேபிள் (தரவைப் பிரித்துத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், இங்கே வந்து ஹோட்டல் மென்பொருளைப் பழகுங்கள். ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் சிஎச்ஐஏ சான்றிதழ் எழுதலாம், ஹோட்டல் தரவு அலசலுக்கென்றே உள்ளது. ஹிந்தி கொஞ்சம் பேச வந்தால், விருந்தினர் கண்ணில் படாத பின்பக்க வேலைகள் எல்லாம் சுலபமாகும்.

ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அமீரகத் தொழிலாளர் சட்டம், 2021இன் 33ஆம் எண் சட்டம், ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது. பாஸ்போர்ட்டையும் யாரும் வாங்கி வைக்கக் கூடாது. சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அதை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு 30 நாள். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டுவது இங்கே சகஜம். தங்குமிடம் எந்தப் பகுதியில், ஓர் அறையில் எத்தனை பேர், ஸ்டாஃப் பஸ் உண்டா, பணியில் சாப்பாடு உண்டா, சேவைக் கட்டணத்தில் ஊழியர்களுக்குப் பங்கு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். கையெழுத்துப் போடும் முன் உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.