பதில்: கடல்நீர் விட்டதும் சானல் அடைபடுகிறது

தம்பி, திருகோணமலைக் கொட்டியாரக் குடாத் தண்ணீரிலிருந்து நுண்பாசிக் கலங்களைப் பிரிக்கும் சுருள் சானல் (ஓட்டத்தின் விசையாலேயே கலங்களை வரிசைப்படுத்திப் பிரிக்கும் மிக நுண்ணிய சுருள் வாய்க்கால்) சீக்கிரமே அடைபடுகிறது, ஆய்வுகூட நண்பர் மின்புல முறைக்கு, அதாவது மின்புலத்தால் கலங்களை இழுத்துப் பிரிக்கும் முறைக்கு, மாறச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாறவேண்டாம். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 5 சீமன்ஸ் அளவில் இருக்கும். இவ்வளவு நன்றாக மின் கடத்தும் நீரில் மின்வாயில் சூடேறும், குமிழி வரும், இருக்கிற தலையிடி இரட்டிப்பாகும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வண்டல்தான். மகாவலி அந்தக் குடாவில்தானே விழுகிறது, மாரியில் கேட்கவே வேண்டாம். முதலில் 40 மைக்ரோமீட்டர் நைலான் வலையில் வடியுங்கள். பிறகு சானலின் வாயை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். சதுரமாகப் பளபளத்தால் அது உப்பு: ஓட்டி முடித்துக் காயவிட்டிருப்பீர்கள். காயுமுன்பே காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கழுவுங்கள். வழவழவென்று இழுபட்டால் பாசிப் பசை. ‘ட்வீன் 20’ என்ற சவர்க்காரம் போன்ற பொருளைத் துளி சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், சானலின் உயரத்தை நீங்கள் சொல்லவேயில்லை. கலத்தின் விட்டம் அதில் 0.07 பங்குக்குக் கீழே போனால் கலங்கள் ஒழுங்காக வரிசைப்படாது. 10 மைக்ரோமீட்டர் கலத்துக்கு 100 உயரம் சரி, 200 சரிவராது. அளவைப் போடுங்கள், ஓட்ட வேகத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.