'சிங்கின் இன் த ரெய்ன்' படக்குழு: கேள்வி பதில்

1952-ல் எம்ஜிஎம் ஸ்டுடியோ வெளியிட்ட இந்தப் படத்தில் நடித்தவர்கள், அதை எடுத்தவர்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. படம் பார்க்காதவர்களுக்குக் கதை இரண்டு வரியில்: 1927-ல் பேசும்படம் வருகிறது. ஊமைப்பட நட்சத்திரம் லீனா லமான்ட்டுக்குக் கீச்சுக்குரல். புதுமுகம் கேத்தி மறைவிலிருந்து அவளுக்காகப் பேசிப் பாடுகிறாள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து இந்தப் படத்தை யார் செய்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

மழைப் பாட்டில் துளிகள் படத்தில் தெரிவதற்காகத் தண்ணீரோடு பால் கலந்தார்களாமே?

இல்லை, வெறும் தண்ணீர்தான். மழைத்துளிக்கு முன்பக்கமிருந்து வெளிச்சம் அடித்தால் அது படத்தில் தெரியாது. பின்னாலிருந்து அடித்தால் ஒவ்வொரு துளியும் மின்னும். அந்த வெளிச்சத்தை அமைத்தவர் ஒளிப்பதிவாளர் ஹெரால்ட் ராசன். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தைப் படம்பிடித்தவரும் அவர்தான். ஸ்டுடியோவின் வெளித்தெருவில் பகலிலேயே கறுப்புத் தார்ப்பாய் கட்டி இரவாக்கினார்கள். நாயகனாக நடித்த ஜீன் கெல்லி எங்கே குதித்துத் தண்ணீரைத் தெறிக்கவிட வேண்டுமோ, அங்கே தரையைப் பள்ளமாக்கி வைத்தார்கள். அந்த நாட்களில் அவருக்கு 103 டிகிரி காய்ச்சல். முகத்தில் அது துளியும் தெரியாது.

உண்மையான இயக்குநர் கெல்லியா, ஸ்டான்லி டோனனா?

இருவரும்தான். 1940-ல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் 'பால் ஜோயி' நாடகத்தில் கெல்லி கதாநாயகன், டோனன் கூட்டத்தில் ஆடிய பையன். அந்தப் பழக்கம் வளர்ந்து, 1949-ல் 'ஆன் த டவுன்' படத்தைச் சேர்ந்து இயக்கினார்கள். கேமராவுக்கு முன்னால் ஆடும் ஒருவரால் அதே நேரத்தில் கேமராவுக்குப் பின்னாலும் நிற்க முடியாது. டோனனின் பங்கை அதை வைத்தே புரிந்துகொள்ளலாம். 1955-ல் 'இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்' எடுக்கும்போது நட்பு கசந்துவிட்டது.

கதை எழுதிய பெட்டி காம்டனும் அடால்ஃப் கிரீனும் கணவன் மனைவிதானே?

இல்லை. இருவருக்கும் வேறு வேறு குடும்பம். எழுத்தில் மட்டும் வாழ்நாள் முழுக்க இணைந்திருந்தார்கள். இவர்களுக்குக் கிடைத்த வேலைதான் விசித்திரம். தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட் முன்பு பாடலாசிரியர். நாசியோ ஹெர்ப் பிரவுன் இசையில் தான் எழுதிய பழைய பாட்டுகளைக் கொடுத்து, "இவற்றுக்கு ஒரு கதை வேண்டும்" என்றார். 'சிங்கின் இன் த ரெய்ன்' பாட்டே 1929-ல் வேறொரு படத்தில் வந்ததுதான். பாட்டுகள் பலவும் பேசும்படம் பிறந்த காலத்தைச் சேர்ந்தவை என்பதால், கதையையும் அந்தக் காலத்திலேயே வைத்துவிட்டார்கள். பாட்டுக்காகப் பிறந்த கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

படத்தில் வரும் 'மேக் எம் லாஃப்' பாட்டின் மெட்டு சுட்டதா?

ஆமாம். 1948-ல் வந்த 'தி பைரேட்' படத்தின் 'பி எ க்ளவுன்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மெட்டு இசையமைப்பாளர் கோல் போர்ட்டருடையது. போர்ட்டர் வழக்குப் போடவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் நாயகனின் நண்பனாக நடித்த டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் கரணம் அடித்ததை யாரிடமிருந்தும் சுட முடியாது. அதை எடுத்து முடித்தபின் படுக்கையில் ஓய்வெடுக்க வேண்டிய நிலை அவருக்கு.

பால் கலந்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்களே?

மேலே எழுதிவிட்டேன். பால் இல்லை.

டெப்பி ரெனால்ட்ஸை கெல்லி கொடுமைப்படுத்தினாரா?

படப்பிடிப்பு நடந்தபோது, கேத்தியாக நடித்த டெப்பிக்கு 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், முறையாக நடனம் தெரியாது. சிறுவயதிலிருந்தே ஆடிய கெல்லி, ஓ'கானர் இரண்டு பேருக்கு நடுவில் அவரை நிறுத்தினார்கள். கெல்லி கடுமையாகவே நடந்துகொண்டார். பிற்காலத்தில் அதை அவரே ஒப்புக்கொண்டார். ஒருநாள் டெப்பி ஒத்திகை அறையில் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். அந்தப் பக்கம் வந்த நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேர், தன் ஒத்திகையைப் பார்க்க அவரைக் கூட்டிப்போனார். அவ்வளவு பெரிய கலைஞரே வியர்த்துக் கொட்டி, தப்புச் செய்து, திரும்பத் திரும்ப ஆடுவதைப் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது என்று டெப்பியே சொல்லியிருக்கிறார். 'குட் மார்னிங்' பாட்டு முடிந்த இரவு அவர் பாதங்களில் ரத்தம். சோபா கவிழும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சிரிப்பு கொஞ்சமும் குறைந்திருக்காது.

கேத்தி பாடுவது டெப்பியின் சொந்தக் குரல்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 'குட் மார்னிங்' அவருடையது. ஆனால் லீனாவுக்காகக் கேத்தி மறைவில் பாடும் 'வுட் யூ' பாட்டு டெப்பியின் குரல் அல்ல. பெட்டி நாய்ஸ் என்ற பாடகியின் குரல். இன்னொன்றும் உண்டு. லீனாவின் வசனத்தைக் கேத்தி திருத்திப் பேசும் காட்சியில், அந்த அழகான குரல் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடையது! அவருடைய இயல்பான குரல் அதுதான், கீச்சுக்குரல்தான் நடிப்பு. ஹேகனுக்காக டெப்பி பேசுவதாக நாம் நம்பும் இடத்தில், டெப்பிக்காக ஹேகன் பேசுகிறார்.

(ஒருவரின் மறுப்பு) இதையெல்லாம் தோண்டி எடுத்தால் டெப்பியைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

ஆகாது. டெப்பியின் உழைப்பைப் பற்றி இப்போதுதான் எழுதினேன். ஒருத்தியின் குரலை வாங்கிக்கொண்டு பெயரை மறைப்பது அநியாயம் என்று சொல்வதற்காகவே எடுத்த படம் இது. கடைசிக் காட்சியில் திரையை விலக்கிக் கேத்தியைக் காட்டும்போது நாம் கைதட்டுகிறோம். அதே படத்தில் நாய்ஸின் பெயர் எங்கும் இல்லை. இது வேதனையாக இல்லையா?

(அவரே மீண்டும்) அந்தக் காலத்து ஸ்டுடியோ வழக்கம் அது. இன்றைய நியாயத்தை அன்றைக்குப் பொருத்தலாமா?

வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அன்றைய ஆட்களைக் கூண்டில் ஏற்றவில்லை. இன்று பார்க்கும் நாம் பெயரைச் சொல்வோம் என்கிறேன். நாய்ஸ் மட்டுமல்ல. கெல்லியின் நடன உதவியாளர்கள் கரோல் ஹேனி, ஜீன் காய்ன் இருவருக்கும் பட்டியலில் இடமில்லை. அதனால்தான் முதலிலேயே எச்சரித்தேன்.

நடனக்கலைஞர் சிட் சரீஸ் ஒரே பாட்டுக்குத்தான் வருகிறாரா?

ஆம், 'பிராட்வே மெலடி' நடனத்தில். வசனமே கிடையாது. அந்த நீண்ட வெள்ளைத் துணியைக் காற்றில் நிறுத்த விமான இயந்திரங்களை ஓடவிட்டார்கள். அந்தக் காற்றில் தடுமாறாமல் ஆடியதே சாதனை.

ஆஸ்கர்?

இரண்டு பரிந்துரை: துணை நடிகைக்காக ஹேகன், இசைக்காக லென்னி ஹேட்டன். இரண்டும் கிடைக்கவில்லை. ஹேகனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீரில் பால்...

இல்லை. இதற்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன்.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பற்றிச் சொல்லுங்களேன்?

அதற்குத் தனியாக ஒருநாள் வேண்டும். இந்தப் படத்தில் ஸெல்டாவாக வரும் ரீட்டா மொரேனோதான் 1961-ல் அந்தப் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கினார். இப்போதைக்கு இது போதும்.

(மறுப்புச் சொன்னவர்) சரி, ஒப்புக்கொள்கிறேன். பெட்டி நாய்ஸின் குரலை வேறு எங்கே கேட்கலாம்?

மிக்க மகிழ்ச்சி. 1941-ல் வந்த டிஸ்னியின் 'டம்போ' பாருங்கள். கூண்டு வண்டியில் பூட்டப்பட்ட தாய் யானை, கம்பிக்கு வெளியே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டும் இடத்தில் 'பேபி மைன்' என்ற பாட்டு வரும். அவர் பாடியதுதான். அந்தப் படத்தின் பட்டியலிலும் தேடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.