41-வது நாள் என்ன எடுப்பது?

கேள்வி: தினமும் ஒரு போட்டோ என்று முடிவுசெய்து, செல்போனில் 40 நாள் எடுத்துவிட்டேன். சன்னல், மாடிப்படி, தெருமுனை, மறுபடியும் சன்னல். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. நண்பர்களுக்கு அனுப்பினால் யாரும் கண்டுகொள்வதில்லை. நல்ல கேமரா ஒன்று வாங்கி, பார்க்கத் தகுந்த இடங்களுக்குப் போகும்போது மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. பார்க்கத் தகுந்த இடங்களை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் மாடிப்படிக்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது.

இன்று மிஞ்சியிருக்கிற மிகப் பழைய கேமராப் படமே ஒரு சன்னல் காட்சிதான். பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826-லோ 1827-லோ தன் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. கூரைகளும் சுவர்களும்தான் அதில் இருக்கின்றன. படம் பதிவாகப் பல மணி நேரமாவது ஆனதால், அதற்குள் சூரியன் நகர்ந்து, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டின்மேலும் வெயில் விழுந்திருக்கிறது. சாதாரணப் பகல் பொழுது அப்படியே உலோகத் தட்டில் பதிந்துவிட்டது.

செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசெஃப் சூடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரில் 1940 முதல் 1954 வரை தன் ஸ்டுடியோ சன்னலைத் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஆவி, வழியும் நீர்த்துளி, வெளியே ஒரு வளைந்த மரம். 14 வருடம்! உங்களுக்கு 40 நாளில் அலுத்துவிட்டது. சன்னலைப் பார்த்த நேரத்தைவிட, நண்பர்கள் பார்த்துவிட்டார்களா என்று பார்த்த நேரம் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31-இல் தொடங்கி நாளுக்கு ஒரு போலராய்டு படம் (எடுத்தவுடன் கேமராவிலிருந்தே அச்சாகி வருவது) எடுத்தார். 1997 அக்டோபர் 25, அவருடைய 41-வது பிறந்தநாள். புற்றுநோயால் அன்றுதான் இறந்தார். அதுவரை 6,000-க்கும் மேற்பட்ட படங்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் பலவற்றில் ஒன்றுமே இல்லை. வரிசையாகப் பார்க்கும்போது ஒரு மனிதர் வாழ்ந்து முடிப்பது தெரிகிறது.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த வீடு இப்போது இல்லை. விசேஷ நாட்களில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறோம். அம்மா தினமும் உட்கார்ந்து படித்த மூலை ஒரு படத்திலும் இல்லை. ஒன்றின் ஓரத்தில் மட்டும் அந்த நாற்காலியின் கைப்பிடி தெரிகிறது. அந்த ஓரத்தைத்தான் நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

சரி, 41-வது நாளுக்கு வருவோம். கேமரா வாங்க வேண்டாம். சன்னலையே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று எடுங்கள். தரையில் விழும் வெயில் வாரத்துக்கு வாரம் இடம் மாறுவது உங்களுக்கே தெரியும். ஃபில்டர் போடாதீர்கள், மேகம் மூடிய நாளும் வெயில் காய்ந்த நாளும் ஒரே நிறமாகிவிட்டால் அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு? தேதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள், முக்கியமாக அந்த நேரத்தில் கேட்ட சத்தத்தை. சத்தம் படத்தில் பதியாது. அரட்டைச் செயலிகளில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், உள்ளே பதிந்த தேதியும் பெரும்பாலும் போய்விடும். அதனால் மூலப் படங்களைச் செல்போனில் மட்டும் விடாமல் வேறொரு இடத்திலும் சேமியுங்கள்.

எடுத்து முடித்த அந்த 40 படங்களில் ஒன்றையும் அழித்துவிடாதீர்கள், கை நடுங்கி மங்கலாக வந்தது உட்பட.