மாதம் இரண்டு தடவை பேட் நரம்பு அறுந்தால் என்ன செய்வது?

கேள்வி: வாரத்தில் ஐந்து நாள் இன்டோர் கோர்ட்டில் பேட்மின்டன் இரட்டையர் ஆடுகிறேன், இறகு காக்தான். யோனெக்ஸ் பிஜி 66 அல்டிமேக்ஸ் நரம்பை 28 பவுண்டு இழுவிசையில் கட்டியிருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு தடவையாவது அறுந்துவிடுகிறது. அறுந்துபோகாத நல்ல நரம்பு எது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அறுந்துபோகாத நரம்பு என்று ஒன்று கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு வாரத்தில் போகிற இடத்தில் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஓட்ட முடியும். அதற்கு நரம்பின் பெயரைவிட முக்கியமான ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் அறுந்தது? கடிதத்தில் எல்லாம் எழுதிய நீங்கள் இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் யாருமே பார்ப்பதில்லை, 'டப்' என்று சத்தம் கேட்டதும் பேட்டைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுகிறார்கள், கடைக்காரர் மொத்தத்தையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறார், காரணமும் அதோடு போய்விடுகிறது.

ஈரோட்டுக்காரருக்கு இது சுலபமாகப் புரியும். பேட்டில் நீளவாக்கில் முதலில் இழுத்துக் கட்டுவது தறியில் பாவு மாதிரி, அதற்குள் மேலும் கீழுமாக நுழைத்துக் குறுக்கே கொண்டுபோவது ஊடை. பேட்டில் காக் படுகிற ஒவ்வொரு தடவையும் பாவு இழை நகர்ந்து ஊடையின்மேல் உரசிவிட்டுத் திரும்புகிறது. பேட்டைச் சாய்த்துக் காக்கைச் சீவுகிற கட் ஷாட், ஸ்லைஸ் அதிகம் ஆடுகிறவர்களுக்கு உரசல் இன்னும் கூடுதல். உரசி உரசி அந்த இடத்தில் ரம்பம் போட்டது போலச் சின்னப் பள்ளம் விழும். வெளிச்சத்தில் வைத்து, இரண்டு இழை சந்திக்கிற இடத்தில் பாவை விரலால் லேசாக ஒதுக்கிப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். நடுவில் இப்படிப் பள்ளம் விழுந்து அறுந்திருந்தால் அது நியாயமான சாவு, நரம்பு தன் வேலையை முடித்துவிட்டது. தடிமனைக் கூட்டினால் இன்னும் நாள் வரும், அவ்வளவுதான் அதற்கு வைத்தியம்.

மேல்பக்கம், ஃபிரேமுக்கு ஒட்டினாற்போல அறுந்திருந்தால் கதை வேறு. அங்கே மாட்டுகிற இழைத்துண்டு குட்டையானது, நீண்டு கொடுத்து அடியை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. ஸ்மாஷ் அடிக்கும்போது காக் நடுவில் படாமல் விளிம்பில் பட்டால், நேற்றுக் கட்டிய நரம்பும் போய்விடும். 28 பவுண்டில் முறுக்கி வைத்த 0.65 மில்லிமீட்டர் நரம்பு இந்த அடியைத் தாங்காது. உங்களுக்கு இரண்டு வாரத்தில் போகிறது என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான்.

ஆகவே நரம்பு: பிஜி 65. பழைய சரக்குதான், சத்தமும் 'கிண்'ணென்று வராது, ஆனால் 0.70 மில்லிமீட்டர். வெறும் 0.05 வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், குறுக்குவெட்டுப் பரப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடுதல் நரம்பு. அது ரொம்ப மந்தமாகத் தெரிந்தால் பிஜி 80 போடலாம், 0.68. எக்ஸ்போல்ட் 63 மாதிரி 0.63 தடிமன் உள்ளவை ஆட அருமையாக இருக்கும், உங்கள் பிரச்சினைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் பவுண்டு. இதை அழுத்திச் சொல்கிறேன், 24க்கு இறங்குங்கள். தொழில்முறை வீரர்கள் 28, 30க்கு மேலேகூடக் கட்டுகிறார்கள் என்பது உண்மை, அவர்கள் பையில் அரை டஜன் பேட் தயாராக இருக்கிறது, அடி பெரும்பாலும் நடுவிலேயே விழுகிறது. வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு ஆடுகிற நமக்கு 24, 25இல் காக் சுலபமாகப் பின்கோடு வரை போகும், தோளும் தப்பிக்கும். முதல் நான்கு நாள் பேட் தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், கை பழகிவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, துளைகளில் இருக்கிற பிளாஸ்டிக் குரோமெட். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் நரம்பு கட்ட வந்தான், நான்கு தடவையும் ஒரே துளையில்தான் அறுந்ததாகச் சொன்னான். நரம்பை எல்லாம் எடுத்துவிட்டு ஃபிரேமின் உள்பக்கம் ஒவ்வொரு துளையாக நகத்தை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன், ஒரு இடத்தில் நகம் மாட்டியது. குரோமெட் விளிம்பு பிளந்து, கார்பன் ஃபிரேம் வெளியே தெரிந்தது. அது கத்தி மாதிரி. அந்த ஒரு குரோமெட்டை மாற்றிக் கட்டியதும் அதே நரம்பு மூன்று மாதம் வந்தது. காசு கொஞ்சம்தான், ஆனால் கேட்டால்தான் மாற்றுவார்கள். கேளுங்கள்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவே ஒரு இழை அறுந்தால் மீதியை உடனே வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். காசு கொடுத்துக் கட்டியதை வெட்ட மனசு வரவில்லை. ஒரு இழையை மட்டும் முடிச்சுப் போட்டுக் கட்டித் தரச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெட்டிவிடுங்கள், வீட்டுக்குப் போகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாவு இழைகள் பெரும்பாலான பேட்டில் 22, ஒவ்வொன்றும் 24 பவுண்டு என்றால் மொத்தம் 528 பவுண்டு, ஏறக்குறைய 240 கிலோ. கட்டிய பிறகு இழுவிசை கொஞ்சம் தளரும் என்றாலும், ஊடையோடு சேர்ந்து எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கிறவரைதான் இவ்வளவு மெல்லிய ஃபிரேம் நிற்கிறது. ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃபிரேம் கோணிவிடும், சில சமயம் விரிசலும் விடும். நரம்பு போனால் சில நூறு ரூபாய், பேட் போனால் ஆயிரங்கள். பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஆரம்பித்து, நீளத்தில் ஒன்று குறுக்கே ஒன்று என்று மாற்றி மாற்றி வெளியே பார்த்து வெட்டிக்கொண்டு போங்கள்.

முடிச்சுப் போடுவது, தெருவில் ஆடுகிற குழந்தைகளின் இரும்பு பேட்டுக்குச் சரி. 20 பவுண்டுக்கு மேல் கட்டிய கார்பன் பேட்டில் வேண்டாம். புதிதாகச் சேர்த்த துண்டுக்கும் பழைய இழைகளுக்கும் இழுவிசை ஒத்துவராது. பக்கத்து இழையிலும் பள்ளம் விழுந்திருக்கும், அடுத்த வாரம் அது போகும்.

கேள்வி: பேட்டை எப்போதும் கார் டிக்கியில்தான் வைக்கிறேன். நரம்புக்கு ஏதாவது ஆகுமா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஆகும். நரம்பு நைலான், வேலூர் வெயிலில் மூடிய டிக்கிக்குள் இளகி இழுவிசையை விட்டுக்கொண்டே இருக்கும். ஆடாமல் வைத்திருந்தாலே தளருகிற பொருள் அது. வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், மாதக்கணக்கில் ஆடப் போவதில்லை என்றால் நரம்பை வெட்டிவிட்டு வைத்தாலும் தவறில்லை.