சின்னப்பரின் கை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருத்தூதர் பவுலைப் பற்றி ஓர் உரை கேட்டேன். தமஸ்குவுக்குப் போகும் வழியில் அவர் குதிரையிலிருந்து விழுந்ததும் ஒளியைக் கண்டதும் வலிப்பு நோயால்தான் என்றார்கள். இயேசுவை நேரில் பார்க்காத அவர்தான் கிறிஸ்தவத்தையே உருவாக்கினார் என்றும் சொன்னார்கள். ஒரு நரம்புக் கோளாறிலிருந்து ஒரு மதம் பிறக்குமா? உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தைத்தான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குதிரை. பைபிளின் திருத்தூதர் பணிகள் நூலில் 9, 22, 26 என மூன்று அதிகாரங்களில், பவுல் மனம் மாறிய அந்த நிகழ்ச்சி வருகிறது. மூன்றிலும் குதிரை கிடையாது. ஓவியர்கள் கொண்டுவந்த குதிரை அது. கரவாஜியோவின் படத்தில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். உரையை முழுக்கக் கேட்கப் பொறுமை இருந்த உங்களுக்கு, அந்த மூன்று அதிகாரங்களைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். அந்த மனிதர் எழுதிய கடிதங்களே கையில் இருக்கும்போது, அவரைப் பற்றி யாரோ பேசியதை வைத்து ஏன் முடிவுக்கு வருகிறீர்கள்?

வலிப்பா இல்லையா என்று இத்தனை நூற்றாண்டு கழித்து யாரும் நாடி பிடித்துச் சொல்ல முடியாது. மதத்தை அவர்தான் உருவாக்கினாரா என்பதும் பழைய வாதம். தனக்கு முன்பே திருத்தூதர்கள் இருந்ததை அவரே எழுதுகிறார். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும் சொல்கிறார். சரி, அது போகட்டும்.

அந்த ஒளி ஒரு கணம். அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு அவர் என்ன செய்தார் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஊர் ஊராகப் போனார், பேசினார், அடி வாங்கினார், மூன்று முறை கப்பல் உடைந்து தவித்தார். இவையெல்லாம் பிரசங்கங்களில் வரும். அவர் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்பதை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

கொரிந்துவில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியின் வீட்டில் தங்கினார். கிளாடியஸ் பேரரசர் யூதர்களை ரோமைவிட்டு வெளியேற்றியபோது வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் கூடாரத் தொழில்தான். அந்த ஊரில் ஒன்றரை ஆண்டு இருந்தார். நற்செய்தி சொல்கிறவனுக்கு அதிலேயே பிழைக்கும் உரிமை உண்டு என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் நீளமாக வாதாடுகிறார். வாதாடிவிட்டு, எனக்கு அது வேண்டாம் என்கிறார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று இரவும் பகலும் பாடுபட்டதாகத் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். கைத்தொழிலை மேட்டுக்குடியினர் இழிவாகப் பார்த்த காலம் அது. எபேசில் அவருடைய உறுமால்களையும் கச்சைகளையும் எடுத்துப்போய் நோயாளிகள்மேல் போட்டார்களாம். வியர்வை துடைக்கிற துண்டும், வேலை செய்யும்போது இடுப்பில் கட்டுகிற துணியும்தான் அவை என்று நான் நினைக்கிறேன்.

என் அப்பா லாரிக்குத் தார்ப்பாய் தைத்தவர். தரையில் விரித்த தார்ப்பாயின் நடுவில் உட்கார்ந்து, நூலை மெழுகில் இழுத்து இழுத்துத் தைப்பார். கோணி ஊசியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அந்த இடம் காய்த்துக் கறுத்திருக்கும். சாயங்காலம் விரல்கள் மடங்காது. சோற்றைப் பிசைய முடியாமல் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். என் ரேங்க் கார்டில் அவர் போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த மாதத்துக்குள் போய்விட்டது. ஆசிரியர் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டிச் சிரித்தார். அடுத்த மாதம் நான் கார்டை அம்மாவிடம் நீட்டினேன். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பவுல் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் உண்டு. உரோமையர் கடிதத்தை அப்படி எழுதிய தெர்த்தியு கடைசி அதிகாரத்தில் தன் வணக்கத்தையும் சேர்த்திருக்கிறார். கலாத்தியர் கடிதம் முடியும் இடத்தில் பவுலே எழுதுகோலை வாங்குகிறார். பாருங்கள், எவ்வளவு பெரிய எழுத்துகளில் என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். கண் பார்வை குறைவு என்பார்கள், அழுத்திச் சொல்வதற்காக என்பார்கள். தைத்துத் தைத்து இறுகிப்போன விரல்கள் என்றுதான் நான் நம்புகிறேன். எனக்கு முன்பே அப்படிச் சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. அந்த வரியை நான் முதன்முதலாகக் கவனித்தபோது அப்பா இல்லை.

பாட்டி அவரைச் சின்னப்பர் என்றுதான் சொல்வாள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர். நம் பழைய கத்தோலிக்கர்கள் அதை அப்படியே தமிழாக்கி வீட்டுப்பிள்ளைபோல் கூப்பிட்டார்கள். எனக்கும் இப்போது அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

உங்கள் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று தெரியும். கலாத்தியர் ஆறே அதிகாரம். இன்று ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். கடைசி அதிகாரத்தில் பதினோராம் வசனம் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.