குடும்பக் குழுவுக்கு எந்தச் செயலி?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அண்ணன் குடும்பம் ஏற்காட்டில், காபித் தோட்டத்தில். ஆதார் நகல், பாஸ்புக், நகை டிசைன் என்று எல்லாமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் போகிறது. சிக்னலுக்கு மாறலாம் என்கிறான் மகன். டெலிகிராம்தான் பத்திரம் என்கிறார் கணவர். அரட்டை செயலி இருக்கிறதே என்கிறார் அண்ணி. எதை எடுப்பது? பணம் கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பணம் வேண்டாம், நான்குமே இலவசம். உங்கள் மகன் சொல்வதுதான் சரி.

டெலிகிராமை முதலில் தள்ளிவிடலாம். அதில் சாதாரண உரையாடல்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில், அவர்களால் திறக்க முடிகிற நிலையில் இருக்கின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது 'சீக்ரெட் சாட்' என்பதில் மட்டும். அதையும் நாமே தனியாகத் தொடங்க வேண்டும், இரண்டு பேருக்குள்தான் நடக்கும். குழுவுக்கு அந்த வசதியே கிடையாது. இவ்வளவு பேர் இதைப் பத்திரம் என்று நம்புவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அரட்டை, ஜோஹோ நிறுவனத்துடையது, 2021-இல் வந்தது. 2025 செப்டம்பரில் எல்லோரும் அதில் சேர்ந்தபோது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் திறக்க முடியாத அந்தப் பூட்டு (என்க்ரிப்ஷன்) அழைப்புகளுக்கு மட்டுமே இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இப்போது குழுக்களுக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அண்ணி முடிவு செய்யட்டும்.

வாட்ஸ்அப்பில் 2016 முதலே முழுப் பூட்டு உண்டு, அதுவும் சிக்னல் உருவாக்கிய முறைதான். ஆனால் யார் யாரோடு, எப்போது பேசினார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவிடம் சேர்கிறது. சிக்னலை நடத்துவது நன்கொடையில் இயங்கும் லாப நோக்கமற்ற அமைப்பு. கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் அவர்களிடம் இருக்கும்.

அதற்காக எல்லோரையும் இழுக்காதீர்கள். வியாபாரிகளும் உறவினர்களும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். ஆதாரும் பாஸ்புக்கும் அனுப்பிக்கொள்ளும் நாலைந்து பேர் மட்டும் சிக்னலில் தனிக் குழு தொடங்குங்கள்.

செயலியை விடப் பெரிய ஓட்டை பேக்அப். வாட்ஸ்அப் செய்திகள் கூகுள் டிரைவுக்குப் போகும்போது, நீங்கள் சொல்லாதவரை அந்தப் பூட்டு இருக்காது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்அப், அங்கே என்க்ரிப்ட் செய்யும் வசதியைப் போடுங்கள். 2021 முதல் இருக்கிறது. பாஸ்வேர்டை டைரியில் எழுதி வையுங்கள், மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. சிக்னலிலும் பேக்அப்பை நீங்களே போட வேண்டும். இல்லாவிட்டால் போன் தொலைந்தால் பழைய செய்திகளும் போச்சு. அதனால் முக்கியப் பத்திரங்களை அதில் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ரிப்பேருக்குப் போன் கொடுத்து வாங்கியதும் வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் எண்ணையும் போட்டுவிடுங்கள். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும், சொந்தக்காரர் பெயரிலேயே கேட்டாலும், கொடுக்க வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஏற்காட்டில் டவர் சரியாகக் கிடைக்காமல் அழைப்பு துண்டாகிறது என்றால், அண்ணன் போனில் சிக்னல் செயலியின் செட்டிங்ஸில் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்' போய், அழைப்புக்குக் குறைந்த டேட்டா போதும் என்று மாற்றிக் கொடுங்கள்.